பொருநைக் கரையில் மழைக்குறி: அன்றும் இன்றும்

மாசி முடிந்து பங்குனி பிறக்கிற நேரம். அம்பாசமுத்திரம், வீரவநல்லூர், சேரன்மகாதேவி வட்டார வயல்களில் பிசான நெல் முற்றித் தலை சாய்ந்து நிற்கும். சில வயல்களில் அறுவடை இயந்திரம் இறங்கியிருக்கும். விடியற்காலையில் லேசான பனி, பத்து மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். பாளையங்கோட்டையில் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தொடும். இந்த நாட்களில் தாமிரபரணிக் கரை ஊர்களில் இரண்டு கேள்விகள் சுற்றி வரும். அறுப்பு முடிகிறவரை வானம் பொறுக்குமா? அறுப்பு முடிந்தபின் கோடையைக் கடக்க அணையில் தண்ணீர் நிற்குமா?

வடக்கே, குளிரில் உறையும் ஏரிகளின் கரையில் வாழ்கிறவர்களுக்கு இதே மாதத்தில் வேறு கவலை. பனி எப்போது உருகும், ஏரி எப்போது திறக்கும், உழவை எப்போது தொடங்கலாம் என்று கேட்பார்கள். வசந்தம் அவர்களுக்குத் தண்ணீர் வருகிற பருவம். நமக்குத் தண்ணீர் இறங்கத் தொடங்குகிற பருவம். ஆனாலும் வரப்போகிற மாதங்களை முன்கூட்டியே எட்டிப் பார்க்கும் ஆவல் எல்லா நாட்டுக்கும் பொது. அந்த ஆவலை நெல்லைச் சீமை அன்று எப்படித் தீர்த்துக்கொண்டது, இன்று எப்படித் தீர்த்துக்கொள்கிறது, இரண்டுக்கும் நடுவில் எதைப் பெற்றோம், எதை விட்டோம் என்பதைக் கணக்குப் பார்க்க இதைவிட நல்ல நேரம் இல்லை.

இரண்டு வானத்தை நம்பிய ஆறு

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது பொருநை என்னும் தாமிரபரணி. பிறப்பதும் கலப்பதும் தமிழ்நாட்டு மண்ணிலேயே. அண்டை மாநிலத்திடம் தண்ணீர் கேட்டு நிற்க வேண்டிய நிலை இந்த ஆற்றுக்கு இல்லை. வானத்திடம் மட்டுமே கேட்க வேண்டும்.

அந்த வானமும் ஒன்றல்ல, இரண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதை நம்பிக் கார் சாகுபடி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அதை நம்பிப் பிசானம். இதில் கார் பருவத்தின் விசித்திரத்தை வெளியூர்க்காரர்கள் எளிதில் நம்ப மாட்டார்கள். ஆனி, ஆடி மாதங்களில் நெல்லைச் சமவெளியில் மழை மிகக் குறைவு. மேற்கு மலை மேகத்தைத் தடுத்துக்கொள்ள, இந்தப் பக்கம் வறண்ட காற்றுதான் வீசும். செங்கோட்டைக் கணவாய் வழியே நுழையும் ஈரக்காற்று தென்காசி, குற்றாலம் வரை சாரல் தூவிவிட்டு ஓய்ந்துவிடும். ஆனால் அதே நாட்களில் மலைக்கு மேலே விடாமல் கொட்டும் மழை ஆற்றில் இறங்கி, கால்வாய் வழியே வயலுக்கு வந்துவிடும். தலைக்கு மேல் வெயில், காலடியில் புதுவெள்ளம்.

ஆகவே இங்கே மழைக்குறி பார்ப்பவர் தன் ஊர் வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. மேற்கே மலையைப் பார்க்க வேண்டும், கிழக்கே கடலைப் பார்க்க வேண்டும், நடுவே ஆற்றையும் பார்க்க வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கின் மழைக் கணிப்பு இந்த மூன்று பார்வையிலிருந்துதான் வளர்ந்தது.

அன்று: மின்னலும் நண்டும் சொன்ன சேதி

இந்த மண்ணின் பழைய வானிலை அறிக்கை ஓர் இலக்கியத்தில் பதிவாகியிருக்கிறது. சிற்றாறு தாமிரபரணியோடு சேரும் சீவலப்பேரிப் பக்கத்தைக் களமாகக் கொண்ட முக்கூடற்பள்ளு, நாளைக்கு ஆற்றில் வெள்ளம் வரும் என்பதற்கான அடையாளங்களை அடுக்கிச் சொல்கிறது. மலையாளத் திசையில் மின்னுகிறது. ஈழத் திசையிலும் மின்னுகிறது. காற்று சுற்றி அடிக்கிறது. கிணற்றுத் தவளை கத்துகிறது. சேற்று நண்டு தன் வளை வாயைச் சேற்றால் அடைக்கிறது. வானம்பாடிகள் கூட்டமாக ஆடுகின்றன. சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் வாழ்ந்த ஒரு பள்ளர் குடும்பன் எதையெல்லாம் கவனித்து வயலுக்குப் போனான் என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடையாது.

இந்தக் குறிகளை வெறும் அலங்காரம் என்று தள்ளிவிட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் மேற்குமலை முகட்டில் இடிமேகம் கட்டுவது வழக்கம். அன்றைக்கே தென்கிழக்கில், மன்னார் வளைகுடாவிலும் இலங்கைக்கு மேலும் மேகம் திரண்டு மின்னினால், கடலிலிருந்து வரும் காற்றில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். ஒரு பக்க மின்னல் ஒரு மாலை மழையோடு போய்விடும். இரண்டு பக்கமும் மின்னினால் மலையிலும் பெய்யும், சமவெளியிலும் பெய்யும். ஆறு கரை புரளும். இன்றைய வானிலை ஆய்வாளர் செயற்கைக்கோள் படத்தில் தேடுவதும் இந்த இரண்டு திசைகளைத்தான்.

கடற்கரைக்காரர்களின் கணக்கு காற்றில் இருந்தது. புன்னைக்காயல், மணப்பாடு, உவரி மீனவர்களுக்கு வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று ஒவ்வொரு காற்றுக்கும் தனிப் பெயர், தனிக் குணம். வாடை ஓய்ந்து சோளகம் தலைகாட்டும் பங்குனிவாக்கில், எந்தக் காற்று எத்தனை நாள் நிற்கிறது என்பதை வைத்துக் கடலுக்குப் போவதை முடிவு செய்தார்கள்.

இவையெல்லாம் நாளைக்கும் நாளை மறுநாளைக்குமான குறிகள். மாதங்களைத் தாண்டிப் பார்க்கவும் ஒரு முறை இருந்தது. மார்கழியின் பிற்பகுதியில் சூரியன் பூராட நட்சத்திரத்தைக் கடக்கும் பதினான்கு நாட்களைக் கர்ப்போட்டம் என்பார்கள். மேகம் கருக்கொள்ளும் காலம் என்பது நம்பிக்கை. அந்த நாட்களில் மேகம் எந்தப் பக்கம் ஓடுகிறது, தூறல் விழுகிறதா, மப்பு மந்தாரமாக இருக்கிறதா என்று நாள்வாரியாகக் குறித்து வைப்பார்கள். ஒவ்வொரு நாளும் அடுத்து வரும் மழைக்காலத்தின் ஒரு பகுதிக்கு உரியது. மேகம் திரண்டு ஓடிய நாளுக்கு நேரான காலத்தில் மழை உண்டு, வெறும் வானமாக இருந்த நாளுக்கு நேரான காலத்தில் இல்லை என்று கணிப்பார்கள். இன்றும் அச்சாகும் பஞ்சாங்கங்களில் கர்ப்போட்டம் தொடங்கும் நாளும் முடியும் நாளும் குறிக்கப்படுகின்றன.

அதற்குப் பிறகு சித்திரை முதல் நாள் கோயிலில் பஞ்சாங்கம் வாசிப்பு. இந்த வருஷத்து ராஜா யார், மந்திரி யார், மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை, அதில் கடலுக்கு எத்தனை பங்கு, மலைக்கு எத்தனை, நிலத்துக்கு எத்தனை என்று படிப்பார்கள். ஊரே உட்கார்ந்து கேட்கும். மலைக்கென்று தனிப் பங்கு பிரித்துச் சொன்னது நெல்லை விவசாயிக்கு எவ்வளவு பொருத்தம் என்று யோசித்துப் பாருங்கள். அவன் கார் பயிர் முழுவதும் அந்தப் பங்கில்தான் விளைந்தது.

இந்த முறைகள் பலித்தனவா? பதினான்கு நாள் மேகத்தை வைத்து அடுத்த மழைக்காலத்தைப் பகுதி பகுதியாகச் சொல்லிவிடலாம் என்பதை இன்றைய அறிவியல் ஏற்கவில்லை. மரக்கால் கணக்கையும் ஏற்கவில்லை. பொய்த்த ஆண்டுகளில் மழை வேண்டி மழைக்கஞ்சி காய்ச்சினார்கள், கொடும்பாவி கட்டி இழுத்தார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை எந்தப் பஞ்சாங்கமும் தடுக்கவில்லை. பழையதென்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்க வேண்டியதில்லை.

ஆனால் அன்றைய முறையில் ஒரு பெரும் பலம் இருந்தது. குறியைக் கண்டவரும் மடையைத் திறந்தவரும் ஒரே ஊர்க்காரர்கள்; பல நேரம் ஒரே ஆள். மேற்கே மின்னியதும், ஊர் மடைகளைப் பார்த்துக்கொள்ளும் நீர்பாய்ச்சி மண்வெட்டியோடு குளத்தங்கரைக்குப் போவார். குளத்தின் உபரிநீர் வெளியேறும் மறுகால் வழியில் அடைப்பு இருந்தால் அன்றிரவே எடுத்துவிடுவார். எந்தக் குளம் நிறைந்தால் எந்தக் குளத்துக்குத் தண்ணீர் போகும், எந்தத் தெரு முதலில் நனையும் என்பது அவருக்கு மனப்பாடம்.

திருநெல்வேலி நகரத்துக்கு இந்த வேலையைக் குறுக்குத்துறை முருகன் கோயில் செய்தது. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் கோயில் அது. வெள்ளத்தின் வேகத்தைப் பிளந்து விலக்கும்படி நீர் வரும் திசையில் அதன் சுவரைப் படகின் முனைபோலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் ஏறும் அறிகுறி தெரிந்ததும் உற்சவரையும் உண்டியலையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவது வழக்கம். சாமி மேலே போய்விட்டார் என்ற சேதி டவுனுக்குள் பரவினால் போதும், ஆற்றோரத்தில் குடியிருப்பவர்கள் மூட்டை கட்டிவிடுவார்கள். எச்சரிக்கையும் நடவடிக்கையும் சேர்ந்தே நடந்தன.

நடுவில் வந்த கருவிகள்

பலருக்கும் தெரியாத ஒரு செய்தி: இந்தப் பக்கத்தின் முதல் மலையுச்சி வானிலை நிலையம் பொதிகையிலேயே அமைந்தது. திருவிதாங்கூர் மகாராஜாவின் திருவனந்தபுரம் வான்நோக்குநிலையத்துக்குத் தலைவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஆலன் பிரௌன், 1855இல் அகத்தியர் மலை உச்சியில், சுமார் 1,868 மீட்டர் உயரத்தில், காந்தப்புல அளவீட்டுக்கும் வானிலை அளவீட்டுக்கும் ஒரு நிலையத்தை நிறுவினார். யானைகள் நடமாடும் காட்டுக்குள் காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் சுமந்து ஏறி, கொட்டும் மழையிலும் மூடுபனியிலும் உதவியாளர்கள் அளவெடுத்தார்கள். மலை முகட்டிலும் கடலோரத்திலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டால்தான் இந்தக் காற்றின் போக்கு பிடிபடும் என்று அவர் எண்ணினார். முக்கூடற்பள்ளுக்காரன் கண்ணால் பார்த்த மலையைப் பிரௌன் கருவியால் பார்த்தார்.

1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவானது. தாது வருஷப் பஞ்சத்தின் பாடத்துக்குப் பிறகு, இமயமலையில் படிந்த பனியின் அளவைக் கொண்டு பருவமழையைக் கணிக்கும் முயற்சியை அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு தொடங்கினார். 1886இல் முறைப்படியான முதல் பருவமழை முன்னறிவிப்பு வந்தது. வடநாட்டுப் பனிக்கும் நம்மூர் மழைக்கும் முடிச்சுப் போட்ட முதல் அரசாங்க அறிக்கை அது.

அடுத்த பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தவை அணைகள். 1944இல் பாபநாசம் நீர்மின் திட்டம், 1950களின் கடைசியில் காமராஜர் ஆட்சியில் மணிமுத்தாறு, பிறகு சேர்வலாறு, கடனா, ராமநதி என்று மலையடிவாரம் முழுக்க அணைகள் எழுந்தன. மழைக்குறி கேட்ட ஊர், அணையின் அடிக்கணக்கைக் கேட்கத் தொடங்கியது. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற முழுக் கொள்ளளவு எண்கள் நெல்லைப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு போல. நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் அணை நிலவரம் தவறாமல் வரும். டீக்கடையில் பேச்சு அதிலிருந்துதான் தொடங்கும்.

"அண்ணாச்சி, பாவநாசம் எத்தன அடி நிக்கு?"

"நூறைத் தாண்டியாச்சு தம்பி."

"அப்ப இந்தப் பூ தப்பிச்சிரும்."

பூ என்றால் இங்கே ஒரு போகப் பயிர். மூன்று வரியில் முடிந்துபோகும் இந்தப் பேச்சுதான் நெல்லையின் உண்மையான பருவ முன்னறிவிப்பு. பெய்த மழை, இருக்கும் நீர், விளையப்போகும் பயிர் மூன்றும் அதில் அடங்கிவிடுகின்றன.

1963இல் திருநெல்வேலி வானொலி நிலையம் வந்தபின் வானிலை அறிக்கை வீட்டுத் திண்ணைக்கு வந்தது. தொலைக்காட்சிக் காலத்தில் சென்னை வானிலை மையத்தின் எஸ்.ஆர். ரமணன் முகம், பள்ளிக்கூட விடுமுறையை எதிர்பார்க்கும் பிள்ளைகள்வரை எல்லோருக்கும் பழகிப்போனது. ஆனாலும் அந்த அறிக்கையில் தென்தமிழகம் முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடும். மலைமேல் காக்காச்சியில் கொட்டுவதற்கும் கீழே கயத்தாற்றில் காய்வதற்கும் அந்த வரியில் வித்தியாசம் இருக்காது.

இன்று: உள்ளங்கையில் வானம்

இன்றைய நிலை வேறு. பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கான கோடைக் கணிப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை வெளியிடுகிறது. ஏப்ரல் நடுவில் தென்மேற்குப் பருவமழைக்கான முதல் கணிப்பு, மே கடைசியில் அதன் திருத்தம், செப்டம்பர் கடைசியை ஒட்டி வடகிழக்குப் பருவமழைக் கணிப்பு. செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் உழவர்களுக்கான வேளாண் வானிலை அறிக்கை. மாவட்டவாரியாக ஐந்து நாள் முன்னறிவிப்பு, மூன்று மணி நேரத்துக்கான உடனடி எச்சரிக்கை. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் பெய்தால் கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, 21 அல்லது அதற்கு மேல் அதிகனமழை என்று அளவுகோலும், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நிறங்களும் உண்டு. உழவருக்கு 'மேகதூத்', இடி மின்னலுக்குத் 'தாமினி', தமிழ்நாடு அரசின் 'டிஎன் அலர்ட்' எனச் செல்போனில் செயலிகள் இருக்கின்றன. தமிழ்நாடு வெதர்மேன் பிரதீப் ஜான் போன்ற தனியார் கணிப்பாளர்களின் பதிவுகளை லட்சக்கணக்கானோர் படிக்கிறார்கள். ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி, மாஞ்சோலை என்ற மலைத் தோட்டங்களின் மழை அளவை இன்று சென்னைக்காரரும் தெரிந்துவைத்திருக்கிறார் என்றால் அது இவர்களால்தான்.

மாதங்களைத் தாண்டிப் பார்ப்பதிலும் பெரிய முன்னேற்றம். பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. அதே எல் நினோ, தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழையைக் கூட்டுவதும் உண்டு. இரண்டு பருவத்தையும் நம்பிய தாமிரபரணிக்கு இந்த முரண் மிக முக்கியம்: கார் காயலாம், பிசானம் மூழ்கலாம். 2023 அப்படிப்பட்ட ஆண்டு. நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 94 விழுக்காடுதான். அந்த ஆண்டின் கடைசியில் என்ன நடந்தது என்பதை நெல்லையும் தூத்துக்குடியும் மறக்காது.

2016 வேறு மாதிரி. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் வழக்கத்தைவிட 62 விழுக்காடு குறைந்தது. வற்றாத நதி என்று பெயரெடுத்த பொருநையின் கரையிலும் அடுத்த கோடை கடுமையாக இருந்தது. 2021 ஜனவரியில் இன்னொரு விதம்: மழை ஓய்ந்திருக்க வேண்டிய பொங்கல் நேரத்தில் ஆற்றில் வெள்ளம், கதிர் வந்த நெல் வயலில் சாய்ந்தது. தை மாதத்து மழையைப் பழைய குறிகள் எதிர்பார்க்கவில்லை. பருவம் தன் எல்லையை மீறும்போது கருவிகளும் கணினிகளும்தான் கைகொடுக்கின்றன.

சிவப்பு எச்சரிக்கைக்கும் தெருவுக்கும் நடுவே

2023 டிசம்பர் 17, 18. குமரிக்கடலை ஒட்டி நிலைகொண்ட வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி நகராமல் நின்றது. அது புயலல்ல, பெயர்கூட இல்லாத ஒரு சுழற்சி. ஆனால் 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரியைவிடக் காயல்பட்டினத்தின் ஒருநாள் மழை அதிகம். இந்தப் பக்கத்து மலை இதற்கு ஈடான மழையை முன்பும் பார்த்திருக்கிறது. 1992 நவம்பர் வெள்ளத்தின்போது காக்காச்சியில் ஒரே நாளில் 96 சென்டிமீட்டருக்கு மேல் பதிவானது. ஆனால் மலையில் பெய்தால் ஓரளவுக்காவது அணை தாங்கும். இந்த முறை அணைகளுக்குக் கீழேயும், சமவெளியிலும் கடலோரத்திலும் பெய்தது. குளங்கள் அடுத்தடுத்து உடைந்தன. நெல்லை சந்திப்புப் பகுதி மூழ்கியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில், திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளுடன் வெள்ளத்துக்கு நடுவே சிக்கி நின்றது.

அதன்பின் எழுந்த வாதம் எல்லோருக்கும் நினைவிருக்கும். பெய்த அளவுக்கான எச்சரிக்கை உரிய நேரத்தில் கிடைக்கவில்லை என்று மாநில அரசு சொன்னது. டிசம்பர் 12ஆம் தேதியே முன்னறிவிப்பு கொடுக்கப்பட்டுவிட்டது என்று மத்திய அரசு சொன்னது. இரண்டையும் ஒதுக்கிவைத்து ஒரு கேள்வியை மட்டும் கேட்போம். ஐந்து நாள் முன்பே சரியான அளவோடு எச்சரிக்கை வந்திருந்தால், ஆற்றங்கரை ஊரான ஏரலின் கடைத்தெருவில் இருந்தவர் என்ன செய்திருப்பார்? எந்தக் குளம் உடையும், எந்தப் பாதையில் தண்ணீர் வரும், எந்தப் பள்ளிக்கூடம் மேடு, எப்போது கிளம்ப வேண்டும் என்பதை அவருக்கு யார் சொல்லியிருப்பார்?

எச்சரிக்கைக்கும் தெருவுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளிதான் இன்றைய குறை. வானத்தைப் பற்றிய அறிவு பன்மடங்கு வளர்ந்துவிட்டது. அந்த அறிவு வந்து இறங்க வேண்டிய மண்ணைப் பற்றிய அறிவு தேய்ந்துவிட்டது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்கு நீர் கொடுக்கும்படி அமைந்தவை. வெள்ளக் காலத்தில் அந்தக் கால்வாய்களும் குளங்களும்தான் மழையை வாங்கிச் சேர்த்து மெதுவாக விட வேண்டும். இன்று நெல்லை மாநகருக்குள் ஓடும் நெல்லைக் கால்வாயையும் பாளையங்கால்வாயையும் பாருங்கள். சாக்கடையும் பிளாஸ்டிக் குப்பையும் ஆகாயத்தாமரையும் பாதித் தண்ணீர்ப்பாதையை அடைத்துக் கிடக்கின்றன. வேய்ந்தான்குளத்தின் ஒரு பகுதியில் புதிய பேருந்து நிலையம் எழுந்தது. இன்னும் எத்தனையோ குளங்களின் மறுகால் ஓடை எங்கே போனது என்று வருவாய்த்துறை வரைபடத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. நீர்பாய்ச்சியின் மனப்பாடத்துக்கு வாரிசு இல்லை.

கருவிகளிலும் நெல்லைக்கு இன்னும் குறை உண்டு. சென்னை ரேடார் இவ்வளவு தூரம் எட்டாது. திருவனந்தபுரத்தின் தும்பாவில் இருப்பது மலைக்கு மேற்கே. நடுவில் மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. ராமநாதபுரத்திலும் ஏற்காட்டிலும் ரேடார் அமைக்கப்போவதாக மாநில அரசு அறிவித்திருப்பது நல்ல செய்தி. மாநிலம் முழுவதும் 1,400 தானியங்கி மழைமானிகளும் 100 தானியங்கி வானிலை நிலையங்களும் நிறுவப்பட்டிருப்பது அதைவிட நல்ல செய்தி. மலைக்கும் சமவெளிக்கும் மழை இவ்வளவு மாறும் மாவட்டத்தில், பக்கத்துப் பக்கத்தில் அளப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மலையில் பெய்வது சமவெளிக்குத் தெரிவதற்குள் எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைப் பழைய குற்றாலம் காட்டியது. 2024 மே 17ஆம் தேதி, சாரல் பருவம் தொடங்குமுன்பே, மலைக்கு மேலே பெய்த கோடை மழை திடீர் வெள்ளமாக அருவியில் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். அந்த மாதிரி நேரங்களில் மூன்று மணி நேர எச்சரிக்கைகூட நீளம். மேலே ஒரு மழைமானி, கீழே ஒரு சைரன், நடுவில் பொறுப்பான ஓர் ஆள் என்ற ஏற்பாடுதான் உயிர் காக்கும்.

பறவைகள் கிளம்பும் மாதம்

பங்குனியின் குறிகளில் ஒன்று இன்றும் மாறாமல் நடக்கிறது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இமயமலையைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன. வெயில் ஏறத் தொடங்கியதும் மத்திய ஆசியாவின் பெரும் ஏரிகளைத் தேடித் திரும்புகின்றன. அங்கே அப்போதுதான் பனி உருகத் தொடங்கும். பறவை வந்தால் ஊர் செழிக்கும் என்பது கூந்தன்குளத்துக்காரர்களின் நம்பிக்கை. வீட்டு மரத்தில் கூடு கட்டினாலும் விரட்ட மாட்டார்கள். அந்தக் குளத்துக்கு மணிமுத்தாற்றுக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் பறவை வரும். ஆகவே பறவையைப் பார்ப்பதும் அணை நிலவரத்தைப் பார்ப்பதும் ஒன்றுதான். 2011 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் மாணவர்களும் ஊர்க்காரர்களும் குளம் குளமாகச் சென்று எண்ணுகிறார்கள். பழைய குறி பார்க்கும் பழக்கம், எண்ணிப் பதிவு செய்யும் பழக்கமாக வளர்ந்ததற்கு இது நல்ல முன்மாதிரி.

மழைக்கும் இதையே செய்யலாம். அன்றைய முறைக்குத் திரும்புவோம் என்று யாரும் சொல்லவில்லை. கர்ப்போட்டக் குறிப்பைவிடக் கடல் வெப்பநிலைக் கணிப்பு நம்பகமானது. இரண்டு திசை மின்னலைவிடச் செயற்கைக்கோள் படம் முன்கூட்டியே சொல்கிறது. ஆனால் கேட்ட சேதிக்கு ஊர் எப்படி எழுந்து நின்றது என்பதை அன்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

வழக்கமான ஆண்டில் மார்ச் 31 வரை பிசானத்துக்குத் தண்ணீர் ஓடும். அணை நிலவரம் இடம்கொடுத்தால் ஜூன் 1 அன்று காருக்குத் திறப்பார்கள். நடுவில் இரண்டு மாதம் கால்வாய்கள் காய்ந்து கிடக்கும். அடுத்த வெள்ளத்துக்கான வேலை நடக்க வேண்டியது அந்த இரண்டு மாதத்தில்தான். தூர் வாருவது, மடைக் கதவுக்கு எண்ணெய் போடுவது, மறுகால் ஓடையை அளந்து கல் நடுவது, குளக்கரையில் பலவீனமான இடத்தைக் கண்டு மண் போடுவது எல்லாம் ஐப்பசியில் முடியாது. ஒவ்வொரு கிராமசபையிலும் பங்குனியில் ஒரு பக்கத்துக்கு ஊர் வானிலை அறிக்கை படிக்கலாம்: அணையில் எத்தனை அடி, வானிலைத் துறை கோடைக்கு என்ன சொல்கிறது, நம் குளத்தின் கரையும் மடையும் எந்த நிலையில் இருக்கின்றன, வெள்ளம் வந்தால் யார் வீடு முதலில், யார் கதவை யார் தட்டுவது. ஒவ்வொரு பள்ளிக்கூட முற்றத்திலும் ஒரு சாதாரண மழைமானி வைத்து, தினம் காலை எட்டரை மணிக்குப் பிள்ளைகள் அளந்து கரும்பலகையில் எழுதலாம். இந்திய வானிலைத் துறை அளவெடுக்கும் நேரமும் அதுதான்.

இதற்குப் பெரிய பணம் வேண்டாம். ஊராட்சித் தலைவர், நீர்வளத்துறைப் பணியாளர், தலைமையாசிரியர், ஊரில் மிச்சமிருக்கும் ஒரு பழைய நீர்பாய்ச்சி, இந்த நால்வரும் ஒரு நாள் குளக்கரையில் சேர்ந்து நடந்தால் தொடங்கிவிடலாம். நீங்கள் தாமிரபரணிக் கரைக்காரர் என்றால், இந்தப் பங்குனியில் உங்கள் ஊர்க் குளத்தின் மறுகால் எங்கே போகிறது என்று நடந்துபோய்ப் பாருங்கள். அடைப்பு இருந்தால் கிராமசபையில் எழுந்து சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது.